பாதை இல்லாத மலை

அத்தியாயம் 7

பழைய ஓவியங்கள் விற்கும் தெங் ரூய்சாய் வீட்டு வாசலில் குடையை மடக்கும்போதே உள்ளேயிருந்து ஊதுபத்தி வாசனை மூக்கில் ஏறியது.

“உள்ள யாராவது செத்துட்டாங்களா டீச்சர்?”

“நீ வாயை மூடிட்டு வந்தா யாரும் சாக மாட்டாங்க” என்றார் யின் ஷூவென்.

டீச்சர் என்று நான் கூப்பிடுவது பழக்க தோஷம். பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர், தலைமையாசிரியரோடு மல்லுக்கட்டிக்கொண்டு வெளியே வந்து சூஜோ நகரத்தில் துப்பறியும் தொழிலை ஆரம்பித்தார். என் பெயர் லூ ஃபூஷெங். கால்வாயில் படகு ஓட்டிக்கொண்டிருந்தவன். ஒரு நாள் வாடகைக்குப் படகைப் பிடித்தவர் படகோட்டியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். துடுப்பு போடுவது, வேவு பார்ப்பது, திட்டு வாங்குவது மூன்றும் என் இலாகா.

விஷயம் இதுதான். மலையும் அருவியுமாக மலைநீர்ப் படம் வரைவதில் இந்தப் பக்கத்தில் பேர்போனவர் பியான் ஜோங்ச்சி. நாற்பது நாளைக்கு முன்னால் தேநீர்க் கடைக்குப் போகிறேன் என்று கிளம்பியவர் வீடு திரும்பவில்லை. அவர் மனைவி வான்ஹெங் எங்களிடம் வந்து, “உயிரோட கொண்டாந்து குடுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அழவும் இல்லை, விவரமும் சொல்லவில்லை.

ஆளைத் தேடிப் போன டீச்சருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நூடுல்ஸைத் தேடிப் போன எனக்குக் கிடைத்தது. சூஜோக்காரன் காலையில் நூடுல்ஸ் கடையில் சொல்லும் ஆர்டரைக் கேட்டாலே ஆள் யார் என்று சொல்லிவிடலாம். பியானுடைய ஆர்டர் ஊரறிந்தது. வேக்காடு குறைவாக, சூப் கம்மியாக, பூண்டுத்தழை தூவாமல், விலாங்கு வறுவல் தனித்தட்டில், அதன்மேல் இஞ்சி நூல்நூலாக. பதினோரு கடை ஏறி இறங்கினேன். தெங் வீட்டுப் பாலத்தடியில் இருக்கிற கடைக்காரர் சொன்னார்: “நாற்பது நாளா தெங் ஐயா வீட்டு வேலைக்காரன் ஜின் வந்து இதே மாதிரி வாங்கிட்டுப் போறான்.” தெங்குக்கு முன்பல் நான்கும் கிடையாது. வேகாத நூடுல்ஸை அவர் என்ன, இடித்தா சாப்பிடுவார்? தவிர, கிண்ணம் அவர் வீட்டுக்குள்ளேயும் போவதில்லை. பின்பக்கப் படித்துறையில் படகேறிப் போகிறது.

போலீஸுக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒரு கிண்ணத்தைக் காட்டி யாரைக் கைது செய்வது? அதனால்தான் டீச்சர் கடன் வாங்கிய பச்சைக்கல் வளையலை மாட்டிக்கொண்டு, படம் வாங்க வந்த பணக்கார அம்மாவாக இந்த வாசலில் நிற்கிறார். தெங் கையில் எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய சுங் காலத்து மலைநீர்ப் படம் ஒன்று சிக்கியிருக்கிறது, அதை வாங்க ஷாங்காய்க்காரர் ஒருவர் நாளைக்கு நிபுணரோடு வருகிறார் என்று ஊரெல்லாம் பேச்சு.

தெங் எங்களை உள்ளே உட்காரவைத்தார். வழவழப்பான மனிதர். ஜின் ஒரு கவைக்கோலால் சுருளைத் தூக்கி ஆணியில் மாட்டி மெதுவாக இறக்கினான். ஆறடி உயரப் படம். டீச்சர் ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, மூச்சுக்காற்று படத்தில் படாமல் மறுகையால் வாயைக் கைக்குட்டையில் மூடியபடி கிட்டே போனார். என்னை மட்டும் நான்கு அடி தள்ளி நிற்கச் சொன்னார்கள். காலையில் நான் தின்ற வெங்காயப் பணியாரத்துக்கு அவ்வளவு மரியாதை.

படம் முழுக்க மலை. மலை என்றால் மலை, தலைக்கு மேல் வந்து கவிழ்ந்துவிடும் போல இருந்தது. நடுவில் ஒரு அருவி, கீழே ஒரு குடிசை, பக்கத்தில் மூங்கில் புதர். அடிவாரத்தில் கழுதையை ஓட்டிக்கொண்டு ஒருவன். என் சுண்டுவிரல் நகம் அளவுதான் இருந்தான். அவனைப் பார்க்கப் பார்க்க எனக்கு என்னவோ செய்தது. அவ்வளவு பெரிய மலைக்குள் தனியாகப் போகிறான், திரும்பிவருவான் என்று தோன்றவில்லை.

இந்தப் படங்களைப் பற்றி டீச்சர் ஒரு வாரமாக எனக்குப் பாடம் எடுத்திருந்தார். “முதல்ல வடக்கத்திக்காரங்க மலையைப் பெரிசா போட்டு மனுஷனை எறும்பாக்கினாங்க. அப்புறம் தலைநகரம் பறிபோய்த் தெற்கே ஓடிவந்தாங்க. படத்துல பாதி பனிமூட்டமாச்சு. மங்கோலியர் வந்ததும், அவங்ககிட்ட உத்தியோகம் பார்க்க மாட்டேன்னு வீட்டுல உக்காந்தவங்க காய்ஞ்ச பிரஷ்ஷால வெறும் பாறையும் நாலு மரமும் வரைஞ்சாங்க.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் வந்தவங்க எல்லாம் முன்னாடி வரைஞ்சவங்களைப் பார்த்து வரைஞ்சாங்க.”

“அறுநூறு வருஷமா ஒருத்தனுக்குக்கூட ஜன்னலைத் திறந்து நிஜ மலையைப் பார்க்கத் தோணலையா?” என்று கேட்டதற்கு அன்றைக்கு எனக்கு டீ கிடைக்கவில்லை.

இப்போது அவர் படத்தின் இடது ஓரத்திலேயே ரொம்ப நேரம் நின்றார். அங்கே பூச்சி அரித்த ஓட்டைகள் இருந்தன. ஒன்றும் சொல்லாமல் நிமிர்ந்தார்.

“அம்மாவுக்கு எப்படித் தோணுது?” என்றார் தெங். கோப்பை கையிலேயே இருந்தது. “காலையிலேர்ந்து மூணு பேர் பார்த்துட்டாங்க. கோட்டோட வேகத்தைப் பாரு, மையோட ஆழத்தைப் பாருன்னு ஒரே புகழ்ச்சி. எனக்குப் பட்டு தெரியும், முத்திரை தெரியும். மலை தெரியாது. நீங்க மனசுல பட்டதைச் சொல்லுங்க.”

“கோடெல்லாம் அபாரம்” என்றார் டீச்சர். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பணக்கார அம்மாவுக்கு விவரம் தெரியும் என்று காட்ட வேண்டுமே. “ஆனா பாதை உள்ள போகுது. வெளிய வரலை.”

தெங் கையிலிருந்த கோப்பை பாதியில் நின்றது. “அப்படின்னா?”

“கழுதைக்காரன் எந்த வழியா குடிசைக்குப் போவான்? வழி பாறைக்குப் பின்னால போய் அப்படியே காணாமப் போகுது. மலைநீர்ப் படத்துல இது பெரிய குற்றம்.”

“வேற?”

“அருவி கொட்டுது. மேல அதுக்குத் தண்ணி எங்கேர்ந்து வருது? ஊத்தும் இல்ல, ஓடையும் இல்ல.”

“வேற ஏதாவது?” தெங்கின் குரல் இன்னும் தணிந்தது.

“பாறைக்கு மூணு முகம் வேணும், இங்க ஒண்ணுதான் தெரியுது. மரத்துக்கு நாலு பக்கமும் கிளை வேணும், இங்க ரெண்டே பக்கம்.” பரீட்சைத் தாள் திருத்துகிற அதே குரல். தப்பைப் பார்த்தால் அவரால் சும்மா இருக்க முடியாது, அது வியாதி.

தெங் எழுந்து இடுப்பு வளைய வணங்கினார். “நீங்க எனக்குப் பெரிய உபகாரம் பண்ணியிருக்கீங்க அம்மா” என்று சொல்லிவிட்டுத் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் தூக்கினார். இந்த ஊரில் வீட்டுக்காரர் கோப்பையைத் தூக்கினால் போய்வாருங்கள் என்று பொருள். நாங்கள் கிளம்பினோம். வாசலைத் தாண்டுகையில் திரும்பிப் பார்த்தேன். அவ்வளவு பதவிசாக இறக்கிய சுருளை ஜின் இப்போது பாயைச் சுருட்டுவதுபோல் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டிருந்தான்.

படகில் ஏறியதும் டீச்சருக்கு முகமெல்லாம் பிரகாசம். மழை சன்னமாகப் பெய்துகொண்டிருந்தது.

“பூச்சி ஓட்டையைப் பார்த்தியா ஃபூஷெங்?”

“நாலு அடி தள்ளி நின்னா பூச்சியா தெரியும்?”

“ஓட்டையோட விளிம்புக்குள்ள மை இறங்கியிருக்கு. படம் வரைஞ்ச பிறகு பூச்சி அரிச்சிருந்தா மையும் சேர்ந்து போயிருக்கும், விளிம்பு வெளுப்பா இருக்கும். இங்க பூச்சி முதல்ல சாப்பிட்டிருக்கு, ஓவியர் அப்புறம் வந்திருக்கார். பட்டு எண்ணூறு வருஷம். படம் ஒரு மாசம்கூட ஆகலை.”

“அதான் ஊதுபத்தியா? பட்டை ஒட்டின புதுப் பசையோட நாத்தத்தை மறைக்க?”

“பரவாயில்ல, உனக்கும் மூக்கு இருக்கு.” டீச்சர் குடையை என்மேல் கொஞ்சம் நகர்த்திப் பிடித்தார். இது அவர் ரொம்ப சந்தோஷமாக இருக்கும்போது மட்டும் நடக்கிற காரியம். “வரைஞ்சது பியான்தான். இப்ப யோசி. பாதை, ஊத்து, பாறை, மரம் எல்லாம் முதல் வருஷத்துலயே அடிச்சுச் சொல்லிக்கொடுக்கிற தப்புங்க. பியான் மாதிரி ஆளுக்கு இது தவறி வருமா? வேணும்னே போட்டிருக்கார். அது சேதி.”

“என்ன சேதி?”

“பாதை இல்லாத வீடு. அப்படின்னா தெருப்பக்கம் வாசல் கிடையாது, படகுலதான் போகணும். ஊத்து இல்லாத அருவி. அப்படின்னா மதகு. மதகைத் திறந்தா தண்ணி எங்கேர்ந்தோ வந்து கொட்டும். ஒரு முகம் மட்டும் இருக்கிற பாறை, ஜன்னலுக்கு எதிர்ல ஒரு மதில். அரைவேக்காட்டு நூடுல்ஸ் ஊறிப்போகாம இருக்கணும்னா கால் மணி நேரத்துக்குள்ள போய்ச் சேர்ந்தாகணும். கால் மணி தூரத்துல, மதகுக்குப் பக்கத்துல, தெரு இல்லாத வீடு. அப்படி மூணே மூணுதான் இருக்கு. அவருக்குத் தெரிஞ்சது எதுன்னு அவர் சம்சாரத்தைக் கேட்டா முடிஞ்சுது.”

எனக்கே கைதட்ட வேண்டும் போல இருந்தது, துடுப்பு கையில் இருந்ததால் தட்டவில்லை. ஆனாலும் அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் துடுப்பு போட்டேன். பின்னால் இரண்டு வளைவு தள்ளி, கறுப்புக் கூரை போட்ட படகு ஒன்று அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. சொன்னேன். மழை நாளில் எல்லாப் படகுக்கும் கறுப்புக் கூரைதான் என்றார் டீச்சர்.

வான்ஹெங் கதவைத் திறக்க நேரமாயிற்று. நாற்பது நாளில் பாதியாகிப் போயிருந்தார். டீச்சர் உட்காரக்கூடச் செய்யாமல் எல்லாவற்றையும் கடகடவென்று சொன்னார். நூடுல்ஸ், பட்டு, பூச்சி ஓட்டை, படம். பாதையைப் பற்றிச் சொன்னபோது வான்ஹெங் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“கோடு எப்படி இருந்துச்சு?” என்றார்.

“அபாரம். அதுல குறையே இல்ல.”

“குடிசைக்குப் பக்கத்துல மூங்கில் போட்டிருந்தாரா?”

“போட்டிருந்தார்.”

“மூங்கில் மட்டும் நல்லா இருந்துச்சா?”

டீச்சர் யோசித்தார். “ஆமா. மூங்கில் ரொம்ப அழகு. ஏன்?”

“மூங்கில் கையெழுத்து மாதிரிதான். எழுத்து அழகா இருக்கறவங்களுக்கு அது தானா வரும்.” வான்ஹெங் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். “அது சேதி இல்ல டீச்சர். அவருக்கு அவ்வளவுதான் தெரியும்.”

“எங்க அப்பாவுக்குப் பையன் இல்ல. என்னை உக்காரவச்சுச் சொல்லிக்குடுத்தார். ஆனா பொம்பளை வரைஞ்ச மலையை எவன் வாங்குவான்? பூ வரை, குருவி வரைன்னுவாங்க. மலை வரையணும்னா மலை ஏறியிருக்கணுமாம். இவரும் ஒரு மலை ஏறினதில்ல, இவரை யாரும் கேட்கலை. நான் வரைவேன். இவர் ஓரத்துல கவிதை எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை வைப்பார். பதினோரு வருஷமா இப்படித்தான்.”

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பியானை எனக்கு என்றைக்குமே பிடிக்காது. தேநீர்க் கடையில் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு, தூரிகையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று உபதேசம் செய்வார். அதைக் கேட்டுத் தலையாட்டியவர்களில் நானும் உண்டு. அந்தக் கடுப்பு இப்போது இரண்டு மடங்காக ஏறியது.

“அப்ப தெங் வெறும் பேரைத்தான் தூக்கிட்டுப் போய் அடைச்சு வச்சிருக்கான். வரையற நீங்க இங்க உக்காந்திருக்கீங்க” என்றேன்.

“முதல்லயே ஏன் சொல்லலை?” என்றார் டீச்சர்.

“சொன்னா அடுத்த நாளே என்னைத் தூக்குவாங்க. எனக்கு அந்த பயம்தான். ஆனா…” வான்ஹெங் மை அரைக்கிற கல்லைக் கிட்டே இழுத்துக்கொண்டார். “அவரும் சொல்லலை பாருங்க. நாற்பது நாள். என்னென்ன பண்ணினாங்களோ. வரையறது என் பொண்டாட்டின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே விட்டிருப்பாங்க. அதைச் சொல்லாம, தெரியாத மலையைத் தானே உக்காந்து போட்டிருக்கார். ஒரு நாள் என் மைக்கல்லைக் கழுவிக் குடுத்ததில்ல அந்த மனுஷன்.”

அவர் அழுதார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். பியான்மேல் இருந்த கடுப்பை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

திரும்பியபோது டீச்சர் சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை.

“தெங்குக்கு முன்னாடி இது தெரியாது ஃபூஷெங்” என்றார். “சந்தேகம்தான் இருந்துச்சு. அதனாலதான் வர்றவங்களுக்கெல்லாம் காட்டி அபிப்பிராயம் கேட்டிருக்கான். மூணு பேர் வாயாரப் புகழ்ந்தாங்க. நான் போய் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு எண்ணிக் காட்டினேன். உன் கையில இருக்கறவனுக்கு வரையத் தெரியாதுன்னு நானே சொல்லிட்டு வந்துட்டேன்.”

ஜின் சுருளைக் கக்கத்தில் இடுக்கிய விதம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. எவனும் பொக்கிஷத்தை அப்படிச் சுருட்ட மாட்டான். குப்பையைத்தான் அப்படிச் சுருட்டுவான்.

கதவு தட்டப்பட்டது. மூன்று தட்டு, நிதானமாக.

ஜின் நின்றுகொண்டிருந்தான். கையில் ஒரு கூடை நிறைய செவ்வந்தி நிறத்து லோகாட் பழம், மேலே இலை போட்டு மூடி மரியாதையாக. எங்களைப் பார்த்து அவன் ஆச்சரியப்படவில்லை.

“படம் வாங்க வந்த அம்மாவும் இங்கதான் இருக்காங்களா? நல்லதாப் போச்சு.” கூடையைக் கீழே வைத்தான். “எங்க ஐயா விசாரிக்கச் சொன்னார். பியான் ஐயாவுக்கு இப்பக் கை கொஞ்சம் தளர்ந்திருக்காம். இத்தனை வருஷம் கூட இருந்து உதவி பண்ணின சிஷ்யன் யாராவது இருந்தா பேரை மட்டும் சொல்லுங்க. அந்த ஆள் வந்து சேர்ந்ததும் பியான் ஐயா வீட்டுக்கு வந்துடுவார்.”

“இல்லைன்னா?” என்றேன்.

“ஷாங்காய்க்காரர் நாளைக்கு வர்றார். இன்னிக்கு சாயங்காலத்துக்கு மேல, வரையத் தெரியாத ஆளுக்கு சோறு போட்டு எங்க ஐயாவுக்கு என்ன ஆகப்போகுது?” அவன் கோபமே இல்லாமல் சொன்னான். “கால்வாய்ல தண்ணியும் ஏறியிருக்கு. மழைக்காலம் பாருங்க.”

டீச்சர் முன்னால் வந்தார். “நான்தான் அந்த ஆள். அவருக்கு வரைஞ்சு குடுத்தது நான். வா, போகலாம்.”

ஜின் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தான். “தப்பு சொல்லத்தான் உங்களுக்கு வரும்னு ஐயா சொன்னாரே. வரையறவங்க இவ்வளவு பேச மாட்டாங்க.”

“நான் வரைஞ்சேன்” என்றார் வான்ஹெங்.

சின்னக் குரல்தான். ஆனாலும் மூன்று பேரும் திரும்பினோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

“போய்ச் சொல்லு. இந்த நாற்பது நாளா வரைஞ்சதுதான் என் வீட்டுக்காரர். அதுக்கு முன்னாடி பதினோரு வருஷமும் வரைஞ்சது நான்.”

ஜின் சிரிப்பை நிறுத்தவில்லை. “மலையா? நீங்களா? அம்மா, புருஷனைக் காப்பாத்தணும்னு இருக்கும், எனக்குப் புரியுது. ஆனா நான் போய் இதைச் சொன்னா ஐயா என்னைத்தான் செருப்பால அடிப்பார்.”

ஒரு நொடி எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. நம்ப மாட்டான், இவரையாவது விட்டுவிடுவான். அந்த நிம்மதிக்குப் பின்னாலேயே பியானின் உயிர் ஞாபகம் வந்தது. வெட்கமாகப் போயிற்று.

வான்ஹெங் மேஜைக்குப் போய் மைக்கல்லில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டார். மை அரைகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. பிறகு ஒரு தாளை விரித்து, தூரிகையைப் படுக்கப் போட்டு ஒரே இழுப்பு. அவ்வளவுதான், அங்கே ஒரு பாறை உட்கார்ந்திருந்தது. மேலிருந்து ஒரு ஓடை புறப்பட்டு, மறைந்து, அருவியாகக் கொட்டிற்று. அடிவாரத்தில் ஒரு பாதை கிளம்பி, பாறையைச் சுற்றி, மரங்களுக்குள் புகுந்து, அந்தப் பக்கம் ஒரு பாலத்தில் வந்து ஏறியது. சூஜோவை விட்டு வெளியே காலடி வைக்காத ஒரு பெண்ணின் கை எங்கள் கண்முன்னாலேயே ஒரு மலையில் ஏறி அந்தப்பக்கம் இறங்கியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, பயமாகவும் இருந்தது. ஒவ்வொரு கோடும் அவரைத் தெங்கின் படகுக்கு இழுத்துக்கொண்டு போகிறது என்று தெரிந்தும் என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

ஜின் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தான். வாயைக் கையால் மூடிக்கொண்டு பார்த்தான். அவன் சிரிப்பு எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

“படகு பின்னால நிக்குதுங்க அம்மா” என்றான்.

“மை அரைக்க எனக்கு ஆள் வேணும். இவங்க வருவாங்க” என்று வான்ஹெங் டீச்சரைக் காட்டினார். டீச்சர் பச்சைக்கல் வளையலைக் கழற்றி என் கையில் வைத்து அழுத்தினார். பின்தொடர்ந்து வா என்று அர்த்தம். வாயைத் திறந்தால் அழுதுவிடுவார் என்றும் தெரிந்தது.

வான்ஹெங் தூரிகைகளைத் துணியில் சுற்றிக்கொண்டார். படித்துறையில் ஜின் நீட்டிய கையைப் பிடிக்காமல், ஒரு காலை அந்தக் கறுப்புக் கூரைப் படகில் வைத்தபடி நின்றார்.

“உங்க ஐயாகிட்ட ஒண்ணு கேட்கணும். என் வீட்டுக்காரர் போட்ட அந்தப் படத்தைக் கிழிச்சுட்டீங்களா?”

“இன்னும் இல்ல. அடுப்புல போடச் சொல்லியிருக்கார்.”

“போடாதீங்க. எனக்குக் குடுத்துடுங்க.”

“அது குப்பைங்க அம்மா. பாதைகூடச் சரியா இல்ல.”

“தெரியும்” என்றார் வான்ஹெங். “அது எனக்கு வேணும்.”